செவந்தியின் புருஷன் கையெழுத்து

வெகுளிப்பாக்கத்துக்குப் போகிறவர்கள் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தால், எந்த ஊரில் நாய் கட்டிலிலும் ஆள் தரையிலும் படுத்திருக்கிறார்களோ, அதுதான் வெகுளிப்பாக்கம். அந்த நாய் எப்படிக் கட்டிலில் ஏறியது என்று கேட்டால் ஊரே சேர்ந்து சொல்லும். ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான்.

கட்டில் தவமணியுடையது. கல்யாணத்துக்கு அவள் அப்பா கொடுத்தது. நாயும் அவளுடையதுதான். செம்மண் நிறத்தில் இருந்ததால் செவந்தி என்று பேர் வைத்திருந்தாள். தவமணிக்கு இரண்டு பிள்ளைகள். ஒன்று நடக்கும், ஒன்று இடுப்பில் இருக்கும். செவந்திக்கு அந்த மாதிரி அளவெல்லாம் தெரியாது. மூன்று ஈத்தில் பதினேழு குட்டிகள் போட்டுவிட்டாள்.

தவமணி அதிகம் பேசமாட்டாள். நாலு பேர் முன்னால் ஏதாவது சொல்ல வேண்டி வந்தால், இடுப்பில் இருக்கும் பிள்ளையின் காதில்தான் சொல்வாள். கேட்க வேண்டியவர்கள் பக்கத்தில் வந்து கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஒருநாள் காலையில் அவள் புருஷன் பொன்னுரங்கம் வேலைக்குக் கிளம்பி, செருப்புக்குள் காலை விட்டார். உள்ளே ஒரு குட்டி தூங்கிக்கொண்டிருந்தது. குட்டி கத்தியது. அவரும் கத்தினார். யார் அதிகமாகக் கத்தினார்கள் என்பதில் அக்கம்பக்கத்தாருக்குள் இன்றைக்கும் தகராறு உண்டு.

"இந்தா பாரு தவமணி," என்றார். "இன்னொரு தடவை இவ குட்டி போட்டான்னு வை, கோணியில கட்டித் தூக்கிட்டுப் போயி வெள்ளிக்கிழமை சந்தையில விட்டுட்டு வந்துருவேன். குட்டிய இல்ல, இவள!"

தவமணி செவந்தியைத் தன் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டாள். ஏனென்றால் பொன்னுரங்கம் சொன்னால் சொன்னதுதான். ஒரு ஐப்பசியில், "மழை விடட்டும், சாப்பிடறேன்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டு, நாலு நாள் அடைமழையில் பட்டினி கிடந்தவர் அவர்.

அந்த வாரமே பக்கத்து டவுனிலிருந்து கால்நடை டாக்டரம்மா வந்தார். ரேஷன் கடை வாசலில் ஊரைக் கூட்டி, "வர்ற வியாழக்கிழமை எங்க ஆஸ்பத்திரியில நாய்களுக்குக் கருத்தடை முகாம் வச்சிருக்கோம். எல்லாரும் கூட்டிட்டு வாங்க" என்றார்.

நாட்டாமை அருணகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"ஏம்மா, அதைப் பண்ணினா நாய் குலைக்குமா?"

"குலைக்கும்."

"காவல் காக்குமா?"

"காக்கும்."

"சோறு திங்குமா?"

"நல்லாவே திங்கும்."

"அப்ப எதுதான் கொறையும்?"

"குட்டி கொறையும்."

"அதானே பாத்தேன்!" என்று நாட்டாமை கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். "இருக்கிறதுலயே சோறு கம்மியா திங்கிறது குட்டிதான். அதைக் கொறைக்கச் சொல்றாங்க."

டீக்கடை துரைக்கண்ணு கையைத் தூக்கினார். அவருடைய நாய் பேர் ஜமீன். கடுவன் நாய், கறுப்பு உடம்பு, வாலின் நுனி மட்டும் வெள்ளை. "பாவம்மா பொட்டை நாயி. வாயில்லா ஜீவன். ஒரு ஈத்தாவது போட்டுப் பாக்க வேணாமா?"

"மூணு ஈத்து போட்டாச்சு" என்று தவமணி பிள்ளையின் காதில் சொன்னாள். பிள்ளை சிரித்தது. டாக்டரம்மாவுக்கும் கேட்டுவிட்டது.

"பயப்படவே வேணாம்" என்றார் டாக்டரம்மா. "நம்ம பொம்பளைங்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்றாங்கல்ல, அதே மாதிரிதான். அதுக்கு என்னென்ன செய்வீங்களோ, இதுக்கும் அதேதான். முந்தின நாள் சாயங்காலத்துக்கு அப்புறம் எதுவும் சாப்பிடக் கூடாது. வெறும் வயித்தோட வரணும். பண்ணி முடிச்ச நாயின்னு தெரியறதுக்குக் காதுல சின்னதா ஒரு அடையாளம் வெட்டி விடுவோம். அவ்வளவுதான்."

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பாவம், எந்த ஊரில் சொல்கிறோம் என்று அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில், வியாழக்கிழமை செவந்தியைக் கூட்டிப் போக வேண்டும் என்று தவமணி சொன்னதும், பொன்னுரங்கம் நாட்டாமையிடம் யோசனை கேட்கப் போனார். நாட்டாமை பக்கிரியைக் கூப்பிட்டார். பக்கிரி எட்டாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவர். அதனால் ஊரிலேயே அதிக வருஷம் படித்தவர் அவர்தான்.

"பொம்பளைங்களுக்குப் பண்ற மாதிரியேன்னுதானே சொன்னாங்க?" என்றார் பக்கிரி.

"அப்படியேதான் சொன்னாங்க."

"என் சம்சாரத்துக்குப் பண்ணும்போது என்கிட்ட கையெழுத்து வாங்கினாங்க. உங்க சம்சாரத்துக்கு?"

"நானும் போட்டேன்" என்றார் நாட்டாமை.

"அப்ப செவந்திக்குக் கையெழுத்து போடப்போறது யாரு?"

பொன்னுரங்கம் யோசித்தார். "நான் போடறேனே."

"நீ அவ புருஷனாய்யா?"

பொன்னுரங்கம் இல்லை என்று ஒத்துக்கொண்டார். வெட்கமாகவும் இருந்தது அவருக்கு.

ஆக, செவந்தியின் புருஷன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அன்றைக்கே ரேஷன் கடை வாசலில் ஊர்க்கூட்டம். ஊரில் உள்ள கடுவன் நாய்களையெல்லாம் கயிற்றில் கட்டி வரிசையாக நிறுத்தினார்கள். ரேஷன் கார்டு இல்லாமல் வரிசையில் நிற்பது அதுதான் முதல் தடவை என்பதால் வரிசையை ஒழுங்கு பார்த்த பக்கிரி கொஞ்சம் தடுமாறினார்.

செவந்தியை ஒவ்வொன்றின் எதிரிலும் நடத்திக் கொண்டு போனார்கள். முதல் நாயைப் பார்த்து வாலை ஆட்டினாள். இரண்டாவதின் மூக்கை நக்கினாள். மூன்றாவதோடு விளையாடக் கூடச் செய்தாள். ஜமீன் எதிரில் வந்ததும் பல்லைக் காட்டி உறுமினாள். ஒரு அடி பக்கத்தில் வந்தான், வள்ளென்று விழுந்தாள். ஜமீன் தலையைக் குனிந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

"போதும்" என்றார் நாட்டாமை. "இவன்தான் புருஷன். என் வீட்டிலயும் இதே கதைதான்."

அங்கே இருந்த ஆண்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையை ஆட்டினார்கள்.

இது போக, பதினேழு குட்டியில் பதினாலுக்கு வால் நுனி வெள்ளை என்று பக்கிரி எடுத்துச் சொன்னார். வடக்குத் தெருவில் இருக்கும் குட்டிகளுக்கும் வால் நுனி வெள்ளைதான் என்று யாரோ சொன்னார்கள். "அதெல்லாம் வெளியில பேசற விஷயமா?" என்று நாட்டாமை அதட்டி உட்கார வைத்தார்.

பக்கிரி ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து மை டப்பாவைத் திறந்தார். ஜமீனின் முன்னங்காலைப் பிடித்துக் கைநாட்டு வாங்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரத்தில் துரைக்கண்ணு குறுக்கே படுத்துவிட்டார்.

"முடியாது. ஜமீன் எனக்கு ஒரே புள்ள. அவன் வம்சத்தை நிறுத்தறதுக்கு அவன் கையாலயே கைநாட்டு வாங்குவீங்களா? நான் உசுரோட இருக்கிற வரைக்கும் நடக்காது!"

"பதினேழு இருக்குய்யா" என்றார் பொன்னுரங்கம்.

"இருந்தா? இன்னொண்ணு பொறக்கும்போது அது எப்பேர்ப்பட்டதா இருக்குமோ, யார் கண்டா?"

யார் கண்டார்கள்? வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான். தவமணிக்குக் கண் கலங்கியது. முகாம் தவறினால் அடுத்த ஈத்து. அடுத்த ஈத்து வந்தால் கோணி, சந்தை. செவந்தி அவள் காலடியில் படுத்துக்கொண்டு, தன் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்று தெரியாமல் வாலால் ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள்.

தவமணி பிள்ளையைத் தூக்கி, அதன் காதில் மெதுவாகச் சொன்னாள்: "கண்ணு, இந்த ஆபரேஷன் ஆம்பளைக்கும் பண்ணலாமாம்டா. பொம்பளைக்குப் பண்றதை விட அதுதான் சின்ன வேலையாம். சீக்கிரம் ஆறிடுமாம். நாய்க்கும் அப்படித்தானாம், மனுசங்களுக்கும் அப்படித்தானாம். ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொன்னாங்க."

உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒவ்வொருவராகக் காலைச் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். நாட்டாமை துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"துரைக்கண்ணு," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "பேச்சை வளக்காத. கைநாட்டை வைய்யி."

"வச்சிட்டேன்" என்றார் துரைக்கண்ணு. நிஜமாகவே அதற்குள் வைத்திருந்தார். ஜமீனின் நாலு கால்களாலும் வைத்திருந்தார். போதாதோ என்ற பயத்தில் அவசரமாகத் தன் கட்டை விரலையும் ஒரு ஓரத்தில் பதித்தார்.

மற்ற நாய்க்காரர்களும் சும்மா இருக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று அவரவர் கடுவன் நாயின் காலையும் பிடித்துப் பதித்தார்கள். அந்தக் காகிதத்தில் மொத்தம் இருபத்து மூன்று புருஷன்கள் சம்மதம் தெரிவித்திருந்தார்கள்.

கைநாட்டு வைத்த கையோடு துரைக்கண்ணு பொன்னுரங்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "இனிமே நாம சம்பந்தி" என்றார். பொன்னுரங்கம், "வாங்க சம்பந்தி, ஒரு டீ சாப்பிடுவோம்" என்று அவரை அவருடைய கடைக்கே அழைத்துப் போனார்.

புதன்கிழமை இன்னொரு சிக்கல் வந்தது. காதில் வெட்டுவார்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார் அல்லவா? பெண்ணுக்குக் காதில் கை வைப்பதென்றால் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே வழக்கம்? செவந்தியை வளர்த்தவள் தவமணி. ஆக, தாய்மாமன் தவமணியின் அண்ணன் வீராசாமி. அவருக்கு ஆள் அனுப்பினார்கள். அவரும் வெகுளிப்பாக்கத்தில் பிறந்தவர்தான் என்பதால் எதுவும் கேட்கவில்லை. வாழைப்பழத் தட்டு, புதுக் கழுத்துப்பட்டை, செவந்திக்கு ஒரு பட்டு ரிப்பன் என்று சீரோடு வந்து இறங்கினார்.

வியாழக்கிழமை காலையில் டாக்டரம்மா ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்தபோது, படிக்கட்டில் பதினோரு பேர் சுருண்டு கிடந்தார்கள். நடுவில் செவந்தி மட்டும் தெம்பாக உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு இவங்களுக்கு?" என்று பதறினார்.

நாட்டாமை ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "வெறும் வயித்தோட வரணும்னீங்களே தாயி. நேத்து சாயங்காலத்துலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல. சீக்கிரம் ஆரம்பிங்க."

"நாய்க்குச் சொன்னேன்!"

"நாய்க்கும் போடல. உங்க வார்த்தையை மீறுவோமா?"

தவமணி பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி தூரத்தில் நின்றாள். அவள் மட்டும் சாப்பிட்டிருந்தாள். பால் கொடுக்கிறவளுக்கு விலக்கு உண்டு என்று பக்கிரி தீர்ப்புச் சொல்லியிருந்தார்.

டாக்டரம்மா அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். இருபத்தாறு கால் தடங்களையும் ஒரு கட்டை விரலையும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டார். உள்ளே போனால், அதற்குள் முந்திக்கொண்டு ஒரு ஆள் ஸ்டூலில் புது வேட்டியோடு மடியை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நீங்க யாரு?"

"தாய்மாமன்."

"யாருக்கு?"

வீராசாமி செவந்தியைக் காட்டினார். டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். கடைசியில், செவந்தி மயக்கத்தில் இருக்கும்போது அவள் தலைக்குக் கீழே வீராசாமியின் துண்டை மடித்து வைப்பது என்றும், துண்டே மடிக்குச் சமம் என்றும் ஒப்பந்தமாயிற்று. செவந்தியின் காதில் அடையாளம் வைத்த நேரத்தில் வெளியே பதினோரு பேரும் எழுந்து நின்று குலவையிட்டார்கள். பட்டினி வயிறு என்பதால் சத்தம் சரியாக வரவில்லை.

"பத்து நாள் ஓட விடாதீங்க. ஒரே எடத்துல வச்சிப் பாத்துக்கங்க" என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

ஆபரேஷன் ஆன பெண்ணை எந்த இடத்தில் வைப்பார்கள்? கட்டிலில்தானே? செவந்தி கட்டிலில் ஏறினாள். பொன்னுரங்கம் பாயை உதறித் தரையில் போட்டுக்கொண்டார். தலைக்குத் துணி கட்டினார்கள். பூண்டுக் குழம்பு வைத்தார்கள். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வைத்த குழம்பு வீணாகக் கூடாது என்று பொன்னுரங்கமே பத்து நாளும் பத்தியம் இருந்தார். ஊரே வரிசையாக வந்து ரொட்டியும் சாத்துக்குடியும் வைத்துவிட்டு, "எப்படியிருக்கு உடம்பு?" என்று செவந்தியிடம் கேட்டுவிட்டுப் போனது. துரைக்கண்ணு ஜமீனைக் குளிப்பாட்டிக் கூட்டி வந்தார். செவந்தி கட்டிலில் இருந்தபடியே அவனைப் பார்த்து வள்ளென்றாள். "உடம்பு தேறிடுச்சு" என்றார் நாட்டாமை.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் நிம்மதியாகப் போனது. செருப்பில் குட்டி இல்லை. அரிசிப் பானையில் குட்டி இல்லை. இருந்த குட்டிகளையும் ஆளுக்கொன்றாக வாங்கிப் போய்விட்டார்கள். பிழைத்தாள் செவந்தி என்று தவமணி மூச்சு விட்டாள்.

அந்த மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள், குழாயடியில் ஒரு அம்மாள் கேட்டாள்: "ஏன்டி தவமணி, செவந்திக்கு ஏதாச்சும் விசேஷம் உண்டா?"

"இல்லக்கா."

"ஒரு வருஷம் ஆவுதே! ஆபரேஷன் எல்லாம் பண்ணியும் ஒண்ணும் தங்கலியா?"

ஊர் முழுக்கப் பேச்சாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் வைத்தியம் பார்த்தும் குட்டி இல்லை. துரைக்கண்ணு டீ ஆற்றும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தெருவில் எல்லா வீட்டிலும் வெள்ளை வால் குட்டிகள்தான் ஓடின. ஆனால் அவற்றுக்குக் கைநாட்டு வைக்கவில்லை என்பதால் அவர் அதை வம்சத்தில் சேர்த்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அவர் தட்டோடு பொன்னுரங்கம் வீட்டுக்கு வந்தார். நாட்டாமையும் பக்கிரியும் கூட வந்தார்கள்.

"சம்பந்தி, உங்களைக் கொறை சொல்ல வரல. என் புள்ள முகத்தைப் பாக்க முடியல."

பொன்னுரங்கத்துக்குத் தலை குனிந்துவிட்டது. சம்பந்தி வீட்டு மனுஷர் வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? ரோஷத்தோடு எழுந்தார்.

"தை பொறக்கறதுக்குள்ள இவ ஒரு குட்டியாவது போடலைன்னா, கோணியில கட்டி வெள்ளிக்கிழமை சந்தையில விட்டுட்டு வந்துருவேன்!"

குட்டி போட்டால் சந்தை என்றார், தவமணி போடாமல் பார்த்துக்கொண்டாள். இப்போது போடாவிட்டால் சந்தை என்கிறார். இதற்கு அவள் என்ன செய்வாள்? கட்டிலில் செவந்தி மல்லாந்து படுத்து நாலு காலையும் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தவமணி பிள்ளையைத் தேடினாள். அது இப்போது நடக்கத் தொடங்கி, வாசலில் மண் தின்றுகொண்டிருந்தது. ஓடிப் போய்த் தூக்கி வந்து, வாயைத் துடைத்து, காதில் சொன்னாள்:

"வைத்தியம் பொண்ணுக்கு மட்டும்தானே கண்ணு ஆச்சு? மாப்பிள்ளைக்கு ஆகலியே."

வந்த மூன்று பேரும் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டுக்கொண்டார்கள்.

"அதானே!" என்று நாட்டாமை தொடையில் தட்டினார். "ரெண்டு மாட்டுல ஒண்ணுக்கு மட்டும் லாடம் அடிச்சிட்டு, வண்டி ஏன் ஓடலைன்னு உக்காந்திருக்கோம்!"

"அப்ப ஜமீனுக்கும் அதே ஆபரேஷனா?" என்றார் துரைக்கண்ணு. போன தடவை குறுக்கே படுத்தது ஞாபகம் வந்தது. அப்புறம் நெஞ்சை நிமிர்த்தினார். "வம்சம் தழைக்கணும்னா பண்ணித்தானே ஆவணும். என் புள்ளைக்காக நான் எதையும் தாங்குவேன்."

மறுபடியும் எல்லோரும் பட்டினி கிடந்து, மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இந்தத் தடவை டாக்டரம்மா முன்கூட்டியே இட்லி வாங்கி வைத்திருந்தார்.

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?" என்று துரைக்கண்ணுவிடம் கேட்டார். "பின்னால என்னைக் கேக்கக் கூடாது. இதைப் பண்ணினா ஜமீனுக்குக் குட்டியே பொறக்காது."

"இப்பவும் பொறக்கலியே தாயி. அதனாலதானே கூட்டியாந்திருக்கேன்!"

டாக்டரம்மா தவமணியைப் பார்த்தார். தவமணி தரையைப் பார்த்தாள். அப்புறம் பிள்ளையின் காதில், "பண்ணச் சொல்லுடா" என்றாள்.

செவந்தியின் கைநாட்டு, அதாவது பெண்சாதியின் சம்மதம், தயாராகக் கொண்டு போயிருந்தார்கள். அவள் ஒரே ஒரு தடவைதான் காலை வைத்தாள். ஆனால் நன்றாக அழுத்தி வைத்தாள்.

திரும்பி வந்ததும் ஜமீனையும் அதே கட்டிலில் ஏற்றினார்கள். செவந்தி உறுமினாள். ஜமீன் ஓரமாகச் சுருண்டுகொண்டான். அவனுக்குத் துணையாகத் துரைக்கண்ணுவும் பாயோடு வந்து பொன்னுரங்கத்தின் பக்கத்தில் தரையில் படுத்தார். கோயில் அரசமரத்தில் ஊரார் ஒரு தொட்டில் கட்டினார்கள்.

மிச்சம் இருந்தது பொன்னுரங்கத்தின் வார்த்தை. தை வந்துகொண்டிருந்தது. நாட்டாமை கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொன்னார்:

"ரெண்டு பேருக்கும் இப்பத்தான் வைத்தியம் ஆயிருக்கு. அவசரப்பட்டா எப்படி? குட்டி பொறக்கிற வரைக்கும் செவந்தியை யாரும் சந்தைக்குக் கொண்டு போகக் கூடாது. பொறந்த மறுநாள் கொண்டு போறதைப் பத்திப் பேசிக்கலாம்."

"குட்டி பொறக்கிற வரைக்கும் கட்டிலை விட்டும் இறக்க மாட்டேன்" என்று பொன்னுரங்கம் சத்தியம் செய்தார். முன்பே சொன்னேனே, அவர் சொன்னால் சொன்னதுதான்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. தொட்டில் கயிறு இரண்டு தடவை இற்றுப்போய், இரண்டு தடவையும் மாற்றிக் கட்டினார்கள். தவமணியின் இடுப்புப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. பொன்னுரங்கம் தினமும் காலையில் எழுந்து, பாயைச் சுருட்டி, முதல் வேலையாகச் செருப்புக்குள் எட்டிப் பார்க்கிறார். "இன்னிக்கும் இல்ல" என்று பெருமூச்சு விடுகிறார். அப்புறம் இரண்டு செருப்பையும் சுவரோரம் ஜோடியாக வைத்து, உள்ளே ஒரு பழந்துணியை மெத்தென்று பரப்பிவிட்டு, வெறுங்காலோடு வேலைக்குப் போகிறார். நாம் இல்லாத நேரத்தில் குட்டி வந்துவிட்டால், படுக்க இடம் வேண்டாமா?